காத்திருந்தால் இடம் கிடைக்குமா?

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துவிட்டு நர்சிங் படிக்க விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது. கடன் வாங்கியாவது இந்த ஆண்டே தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவதா, அரசுக் கல்லூரி இடத்துக்காக இன்னும் ஓராண்டு பொறுத்திருப்பதா என்பதே அது. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அவற்றில் வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளும் அருகருகே இருக்கும் நந்தனம் போன்ற பகுதியில், ஓட்டுநராகவோ தையல்காரராகவோ சிறிய அலுவலக உதவியாளராகவோ இருக்கும் பெற்றோருக்கு இது ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் கணக்கு. தவறான விடை என்றால் கடன் தவணையாக மாதாமாதம் வீட்டுக்குள் வந்து நிற்கும்; அல்லது மகளின் ஓராண்டு, கையில் எதுவும் இல்லாமல் கழிந்துபோகும்.

இரண்டு பக்கமும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. செவிலியராகத் தமிழ்நாட்டில் இரண்டு முதன்மையான படிப்புகள் உள்ளன. ஒன்று நான்காண்டு பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் இதில் சேரலாம். மற்றொன்று, ஜி.என்.எம். என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மூன்றாண்டுப் பட்டயப்படிப்பு. இது பொதுச் செவிலியப் பணியும் பேறுகாலப் பணியும் சேர்ந்தது. இரண்டில் எதை முடித்தாலும் ஒருவர் பதிவுபெற்ற செவிலியரும் பதிவுபெற்ற பேறுகாலச் செவிலியரும் ஆகிறார். அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கான கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியாரில், விடுதியும் சீருடையும் போக்குவரத்தும் சேர்த்தால், நான்கு ஆண்டுகளுக்குப் பல லட்சம் ஆகும்.

இவ்வளவு பெரிய விலை வேறுபாட்டுக்கு ஈடாக எது கிடைக்கிறது என்பதைப் பார்க்க, நந்தனத்திலிருந்து வெகுதூரம் போகவேண்டியதில்லை. மெட்ரோவில் தெற்கே மூன்றாவது நிலையம் கிண்டி. அங்கே உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் அரசுக் கல்லூரி மாணவிக்கும் அதனுடன் இணைந்த தனியார் கல்லூரி மாணவிக்கும் ஒரே தேர்வை நடத்தி ஒரே பட்டத்தை வழங்குகிறது. (நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகமே பட்டம் தரும்.) கிழக்கே, மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செவிலியர் மற்றும் பேறுகாலச் செவிலியர் குழுமம் இருக்கிறது. இந்தக் குழுமத்தில் பதிவு செய்து பதிவு எண் வாங்காதவர், எங்கே படித்திருந்தாலும், சட்டப்படி செவிலியர் அல்லர். வடக்கே இரண்டாவது நிலையத்தில், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், அரசு மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இயங்குகிறது. பட்டத்தையும் பதிவையும் அரசு வேலையையும் தரும் இந்த மூன்று இடங்களில் எதுவும், படித்த கல்லூரி வாங்கிய கட்டணத்தைப் பார்ப்பதில்லை, ஜி.என்.எம். முடித்தவரும் பட்டதாரியும் வாரியத்தின் தேர்வை ஒரே தகுதியோடு எழுதுகிறார்கள்.

அப்படியானால் பொறுத்திருந்து அரசு இடத்தையே வாங்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. இந்த எண்ணத்துக்குப் பின்னால், காத்திருந்தால் முறை வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கை பொருந்தும் நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ்' எனப்படும் சமுதாயக் கல்லூரிகள், உள்ளூர் வரிப்பணத்தின் துணையோடு குறைந்த கட்டணத்தில் ஏறத்தாழ இரண்டாண்டுச் செவிலியப் படிப்பை நடத்துகின்றன. அதை முடித்தவர்களும், நான்காண்டுப் பட்டதாரிகள் எழுதும் அதே 'என்கிளெக்ஸ்' என்னும் உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அங்கே இடத்துக்குக் கடும் நெருக்கடி என்பதால் சில கல்லூரிகள் தகுதி பெற்றவர்களை வரிசையில் வைக்கின்றன. வேறு சில குலுக்கல் நடத்துகின்றன. இன்னும் சில, முன்னதாகப் படித்த பாடங்களுக்குப் புள்ளிகள் தருகின்றன. வரிசை முறையில் பெயர் மெல்ல முன்னேறும். புள்ளி முறையில் இடைப்பட்ட காலத்தில் உடற்கூறியலையும் நுண்ணுயிரியலையும் படித்து முடித்தவருக்கு மதிப்பு கூடும்.

தமிழ்நாட்டில் இடம் ஒதுக்கப்படும் முறை இதற்கு முற்றிலும் வேறானது. கீழ்ப்பாக்கத்தில் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தரவரிசைப் பட்டியல் தயாரித்து, இடஒதுக்கீட்டு விதிப்படி கவுன்சலிங் நடத்துகிறது. கடைசி இடம் எந்த மதிப்பெண்ணில் நின்றதோ அதுவே அந்த ஆண்டின் கட்-ஆஃப். சென்ற ஆண்டு இடம் கிடைக்காதவருக்கு இந்த ஆண்டு முன்னுரிமை எதுவும் கிடையாது. அவர் எடுத்த மதிப்பெண் அடுத்த ஆண்டும் அதே மதிப்பெண்தான். புதிதாகத் தேர்வு எழுதி வந்தவர்கள் அவருக்கு மேலும் கீழும் வந்து அமர்வார்கள். ஆகவே காத்திருக்கும் மாணவி உண்மையில் காத்திருப்பது தன் முறைக்காக அன்று, கட்-ஆஃப் இறங்குவதற்காகவே. அவளால் செய்யக்கூடியது அதில் எதுவும் இல்லை. கட்-ஆஃப் எல்லைக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கீழே நின்றவருக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பு வரலாம். பத்துப் பதினைந்து மதிப்பெண் கீழே நின்றவருக்கு அந்த நம்பிக்கையை யாரும் ஊட்டக்கூடாது.

இடங்கள் கூடினால் கட்-ஆஃப் இறங்கும் என்பது உண்மைதான். 2014-க்குப் பிறகு தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து நாடு முழுவதும் 157 நர்சிங் கல்லூரிகளைத் திறக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் வழங்கியபோது, தமிழ்நாட்டின் பங்காக 11 கல்லூரிகள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அறிவிக்கப்பட்ட கல்லூரி வேறு, அந்த ஆண்டின் கவுன்சலிங் பட்டியலில் இடங்களோடு இருக்கும் கல்லூரி வேறு. செய்தித்தாள் அறிவிப்பை நம்பி ஓராண்டைக் கழிக்க முடிவு செய்கிறவர்கள், அந்தக் கல்லூரிகளில் எவை இடப்பட்டியலில் வந்துவிட்டன என்பதைத் தேர்வுக் குழுவின் தகவல் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே முறை.

காத்திருக்கும் அந்த ஓராண்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் சென்னையிலும் நிறுவனங்கள் உண்டு. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் 1996-இல் தொடங்கிய சென்னை சமுதாயக் கல்லூரி அவற்றில் முன்னோடி. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் குப்பத்துப் பெண்களுக்கும் கைத்தொழிலோடு தன்னம்பிக்கையும் தந்த அந்த இயக்கத்தின் தொண்டு மதிக்கத்தக்கது. நந்தனத்தை அடுத்த சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளின் வழியே 'ஹெல்த் அசிஸ்டென்ட்' போன்ற தொழிற்கல்விப் பட்டயங்களை வழங்கி வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சான்றிதழோடு சாந்தோம் அலுவலகத்துக்குப் போனால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. வீட்டில் முதியவர்களைக் கவனிக்கவும், சிறிய கிளினிக்கில் உதவியாளராக நிற்கவும் அது உதவும். அதற்கு மேல் ஏற ஏணி இல்லை. மருத்துவமனைக்குள் வெள்ளைச் சீருடை போட்டு ஒரு வருடத்தில் வேலை என்று மாடிப்படி ஓரங்களில் பலகை தொங்கவிடும் பயிற்சி மையங்களுக்கு இந்தச் சிறிய மதிப்புகூட இல்லை. சும்மா இருக்கும் ஓராண்டில் எதையாவது படிக்கட்டும் என்று பெற்றோர் கட்டும் பணம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

இரண்டே வழிகள்தான் என்று எண்ணிக்கொண்டு தவிக்கும் குடும்பங்களுக்கு, நடுவில் உள்ள வழிகள் போதிய அளவு சொல்லப்படுவதில்லை. அவற்றில் ஒன்று, தனியார் கல்லூரிகள் அரசிடம் ஒப்படைக்கும் இடங்கள். இவையும் கீழ்ப்பாக்கம் கவுன்சலிங் வழியாகவே நிரப்பப்படுகின்றன. கல்லூரி நிர்வாகம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும் 'மேனேஜ்மென்ட் கோட்டா' இடத்தைவிட இதில் கட்டணம் குறைவு. முக்கியமான மற்றொரு வேறுபாடும் உண்டு. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்து மாணவருக்குக் கிடைக்கும் பள்ளிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை, 2018-இல் திருத்தப்பட்ட விதிகளுக்குப் பிறகு, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்கு இல்லை. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பறை, ஒரே பாடம். எந்த வாசல் வழியே நுழைந்தார் என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கட்டணம் முழுதும் சுமையாகிறது, மற்றவருக்கு அரசு ஏற்றுக்கொள்கிறது. கவுன்சலிங் முடியும் முன்பே, இடம் போய்விடும் என்ற பயத்தில் முன்பணம் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டை உறுதி செய்துவிடுகிற அவசரத்தின் விலை இது.

இரண்டாவது வழி, பலர் மதிப்புக் குறைவு என்று ஒதுக்கும் அரசு ஜி.என்.எம். பள்ளி. பட்டப்படிப்புக்கான இடங்களைக் காட்டிலும் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த இந்தப் பள்ளிகளில் இடங்கள் மிகுதி. படிக்கும் காலத்தில் சிறு தொகை உதவியாகவும் கிடைக்கும். இதற்கு விண்ணப்பம் தனி என்பதை அறியாமலேயே பலர் தவறவிடுகிறார்கள். மூன்றாண்டுப் பட்டயத்தை முடித்துப் பதிவு பெற்றவர், 'போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.' என்னும் இரண்டாண்டுப் படிப்பின் மூலம் பட்டதாரி ஆகலாம். இங்கே ஓர் எளிய கூட்டல் கவனத்துக்குரியது: ஓராண்டு காத்திருந்து நான்காண்டு படித்தால் மொத்தம் ஐந்து, மூன்றாண்டுப் பட்டயமும் இரண்டாண்டு மேற்படிப்பும் சேர்ந்தாலும் ஐந்து. முதல் கணக்கில் இடம் கிடைக்குமா என்பதே உறுதியில்லை. இரண்டாவதில் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே பதிவு எண் கைக்கு வந்து, வேண்டுமானால் நடுவில் சம்பாதித்துக்கொண்டு மேலே படிக்கவும் முடிகிறது. பட்டயப் படிப்பைத் தாழ்வாக எண்ணுவதற்கு இந்த மண்ணின் வரலாறும் இடம் தரவில்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியும், வேலூர் கிறித்துவ மருத்துவமனையில் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளியும் பட்டம் தராத பள்ளிகளே. இந்தியாவில் செவிலியத்துக்குப் பட்டப்படிப்பு என்ற ஒன்று வேலூரிலும் டெல்லியிலும் 1946-இல்தான் வந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் நான்கு லட்சம் வங்கிக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். பத்து விழுக்காடு தனிவட்டி என்றால், முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என்று மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் கட்ட மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் வேண்டும். கட்டி முடிக்கும்போது சுமார் எட்டரை லட்சம் போயிருக்கும். தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று கொண்டால், சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தவணைக்கே. காத்திருந்து இழக்கும் ஓராண்டுச் சம்பளம், அதே கணக்கில், 2,16,000 ரூபாய். அரசு இடம் அடுத்த ஆண்டு உறுதி என்றால் காத்திருப்பதே மலிவு என்பதில் ஐயமில்லை. உறுதியில்லாத ஒன்றுக்காக இரண்டு லட்சத்தை இழந்து, கடைசியில் அதே தனியார் கல்லூரிக்கே வந்து நிற்பவர்கள்தான் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கிடைக்கும் மாதம் 1,000 ரூபாயையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். பேருந்துக்கும் பதிவேடுகளுக்கும் அது தாங்கும்.

சம்பளம் உயர்ந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்குவதில் நிதானம் வேண்டும். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாகவும் ஊதியம் தரப் பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் போராடி 2018-இல் அதை அரசாணை ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பரிந்துரை பல மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலை இன்னும் தொடவில்லை. அரசுப் பணியும் உடனே நிலைத்துவிடுவதில்லை: 2015-இல் வாரியத்தின் தேர்வில் வென்று 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதாவது படிகளோ ஓய்வூதியமோ இல்லாத ஒரே தொகையில், சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் டி.எம்.எஸ். வளாகத்திலேயே அமர்ந்து போராட வேண்டியிருந்தது. உயிரைக் காக்கும் வேலைக்கு ஒரு சமூகம் தரும் கூலி இது என்பது வருத்தத்துக்குரிய செய்தி. ஆனாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அதிகக் கட்டணம் வாங்கும் கல்லூரி எதைக் கூடுதலாகத் தரமுடியும் என்றால், கட்டடமும் குளிர்சாதன ஆய்வகமும் தரமுடியும். நோயாளிகளைத் தரமுடியுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. செவிலியம் படுக்கையருகே கற்கும் தொழில். அதனால்தான் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகள், கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனையாவது இருக்கவேண்டும் என்றும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் வேண்டும் என்றும், பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றும் சொல்கின்றன. படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்கவேண்டும்.

பிரசவ அறையை எடுத்துக்கொள்ளலாம். கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் விரிந்ததும் 'பார்ட்டோகிராஃப்' என்னும் ஒற்றைத் தாள் வரைபடம் தொடங்கும். மாணவி அரைமணிக்கு ஒரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுப் புள்ளி வைக்கவேண்டும். தாயின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி நீடிக்கிறது என்று எண்ணிக் கட்டங்களை நிரப்பவேண்டும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரையப்பட்ட எச்சரிக்கைக் கோட்டின் வலப்பக்கம் புள்ளி சாயத் தொடங்கினால், உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். வலி தளர்ந்த வயிறு எப்படி இருக்கும், இறுகிய வயிறு எப்படி இருக்கும் என்பதைக் கைதான் கற்கும். பொம்மை உடலில் இது வராது. குறித்த எண்ணிக்கையில் பிரசவங்களைப் பார்த்தும் மேற்பார்வையில் தாமே நடத்தியும் பதிவேட்டில் கையொப்பம் வாங்கினால்தான் படிப்பு நிறைவேறும். பணம் கட்டி வந்த தாய்மார் மாணவியைத் தொடவிடத் தயங்கும், அறுவைப் பிரசவங்கள் மிகுந்த தனியார் மருத்துவமனையில் அந்த எண்ணிக்கை எளிதில் சேர்வதில்லை. ஆகவே தனியார் கல்லூரி மாணவியரும் பேருந்தில் ஏற்றப்பட்டு, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கும், திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கும், மனநலப் பயிற்சிக்குக் கீழ்ப்பாக்கத்துக்கும் 'போஸ்டிங்' போகிறார்கள். அரசுக் கல்லூரி மாணவி முதல் நாளிலிருந்து இருக்கும் இடத்துக்கே, லட்சங்கள் கட்டியவரும் வந்து சேர்கிறார்.

எனினும் தனியார் கல்லூரி எப்போதும் தவறு என்று சொல்வதும் நியாயமில்லை. நூற்றுக்கணக்கான படுக்கைகள் நிரம்பிய சொந்த மருத்துவமனையும், நீண்ட நாள் நிலைத்த ஆசிரியர்களும் உள்ள பழைய தொண்டு நிறுவனக் கல்லூரிகள் சிலவற்றின் பயிற்சி எந்த அரசுக் கல்லூரிக்கும் குறைந்ததில்லை. வெளிநாட்டுப் பணியை உறுதியாகக் குறிவைத்து, ஆங்கிலத் தேர்வுக்கும் உழைக்கத் தயாராக உள்ள மாணவிக்கு, கட்-ஆஃப் எட்டாத நிலையில், நேரடிப் பட்டப்படிப்புக்காகக் கடன் வாங்குவது பொருளுள்ள முடிவாக இருக்கலாம். உலக அளவில் 58 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் கணக்கிட்டிருப்பது அந்த நம்பிக்கைக்கு அடிப்படை தருகிறது. அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு, தமிழ்நாடு அரசு 1978-இல் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியிலேயே இருக்கிறது. குவைத் போன்ற நாடுகளுக்கான செவிலியர் தேர்வில் தரகர்கள் லட்சக்கணக்கில் பறித்த முறைகேடுகளுக்குப் பிறகு, இத்தகைய அரசு முகமைகளின் வழியே மட்டுமே அந்நாடுகளுக்குச் செவிலியர் செல்லலாம் என்று 2015-இல் மத்திய அரசு வரையறுத்தது.

அந்த முடிவை எடுக்கிறவர்கள், பணம் கட்டும் முன் கல்லூரி வாசலில் சிலவற்றைக் கேட்டே தீரவேண்டும். சொந்த மருத்துவமனை எது, அதில் இன்று எத்தனை படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்கள், பிரசவப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், மாநிலக் குழுமத்தின் நடப்பு ஆண்டு அங்கீகாரக் கடிதம் எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்கும் கல்லூரியிலிருந்து திரும்பிவிடலாம். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சேர்க்கையின்போது வாங்கிக்கொண்டு, படிப்பு முடிந்தபின் தங்கள் மருத்துவமனையிலேயே இத்தனை ஆண்டு வேலை பார்த்தால்தான் தருவோம் என்னும் பழக்கம் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் கூறியிருக்கிறது; சான்றிதழ்களின் ஒப்புகைச் சீட்டையும், கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் பெயரும் தலைப்பும் எழுதிய ரசீதையும் அன்றே வாங்கி வைத்துக்கொள்பவருக்கு, அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது எளிது.